எழுபது சதவீதம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: இருபத்திரண்டு வருடமாகச் சேகரிக்கிறேன். அஞ்சல்தலை, பழைய நாணயம், காமிக்ஸ், கொஞ்சம் டைகாஸ்ட் கார்கள் (உலோகத்தில் வார்த்த சின்ன மாதிரிக் கார்கள்) என்று மொத்தம் சுமார் 1,400 உருப்படிகள் இருக்கும். 2021 கடைசியில் ஒருவரை வைத்து மதிப்புப் போட்டு, வீட்டுப் பாலிசியோடு சேர்க்காமல் சேகரிப்புக்கென்றே தனிக் காப்பீடு எடுத்தேன். மூன்றே புதுப்பித்தல்களில் பிரீமியம் 70 சதவீதம் ஏறிவிட்டது. இதுவரை ஒரு கிளெய்ம்கூடக் கேட்டதில்லை. ஆல்பங்களைத் தீப்பிடிக்காத பெட்டி ஒன்று வாங்கி அதில் வைத்திருக்கிறேன். இரட்டையாக இருப்பதை அவ்வப்போது இணையத்தில் விற்பதும் உண்டு. காரணம் கேட்டால் "சந்தை நிலவரம்" என்று ஒரே வரியில் பதில் வருகிறது. அடுத்த புதுப்பித்தலுக்கு எட்டு வாரம் இருக்கிறது. பேசாமல் விட்டுவிடலாமா, இல்லை காப்பீட்டுத் தொகையைப் பாதியாகக் குறைத்துவிடலாமா? "இந்தப் பணத்துக்கு வருஷம் ஒரு நல்ல ஸ்டாம்ப் வாங்கியிருக்கலாமே" என்கிறார் மனைவி. பாலிசி நகலும் பொருள் பட்டியலும் வீட்டுப் படங்களும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

உங்கள் மனைவி சொன்னதை நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில்லை, சுமாரான ரகத்தில் இரண்டே வாங்கியிருக்கலாம். அதனால் அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆனால் விடலாமா வேண்டாமா என்பதற்கு முன்னால் அந்த எழுபது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். பத்தொன்பது வருடம் சர்வேயராக இருந்தவன் நான், அதாவது தீயோ தண்ணீரோ திருட்டோ நடந்த பிறகு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்கும் ஆள். அந்தப் பழக்கத்தில் யார் பாலிசி கொடுத்தாலும் முதல் பக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் படிப்பேன். உங்கள் பாலிசியின் இணைப்பில், மூன்றாவது பக்கத்தின் அடியில், ஒவ்வொரு புதுப்பித்தலிலும் காப்பீட்டுத் தொகை தானாகவே 8 சதவீதம் உயரும் என்று ஒரு வரி இருக்கிறது. பக்கத்திலேயே உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. எடுக்கும்போது நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றியிருக்கும், விலைவாசி ஏறினாலும் காப்பீடு குறைந்து நிற்காது என்று சொல்லியிருப்பார்கள், அதுவும் பொய்யில்லை. மூன்று முறை எட்டு எட்டாக ஏறினால் 100 என்பது 126 ஆகும். இன்னொரு பக்கம், காப்பீட்டுத் தொகையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் விகிதத்தை அதே காலத்தில் 35 சதவீதம் கூட்டியிருக்கிறார்கள். பிரீமியம் என்பது தொகையை விகிதத்தால் பெருக்குவது. 1.26-ஐ 1.35-ஆல் பெருக்குங்கள், 1.70 வரும். இதுதான் உங்கள் எழுபது.

ஆக, ஏற்றத்தில் ஏறக்குறைய பாதிக்கு உங்கள் பட்டியலே காரணம். மீதிக்கு உலகம் காரணம். உலகத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அங்கே நாம் செய்யக்கூடியது குறைவு.

என் அஞ்சல்தலைக்கும் எங்கோ அடித்த புயலுக்கும் என்ன சம்பந்தம் என்று நிறையப் பேர் கேட்பார்கள். சம்பந்தம் மறுகாப்பீட்டில் இருக்கிறது. உங்களிடம் பிரீமியம் வாங்கும் நிறுவனம், பெரிய அடி விழுந்தால் தாங்குவதற்காகத் தானும் இன்னொரு பெரிய நிறுவனத்திடம் காப்பீடு எடுத்து வைத்திருக்கும். 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் இயன் சூறாவளி அடித்தது, காப்பீட்டு இழப்பு மட்டும் 5,000 கோடி டாலருக்கு மேல். அதற்குப் பிறகு வந்த 2023 ஜனவரி 1 புதுப்பித்தலில் மறுகாப்பீட்டு நிறுவனங்கள் விலையை ஒரேயடியாக ஏற்றின. உலகம் முழுக்க இயற்கைப் பேரிடர்களால் வரும் காப்பீட்டு இழப்பு 2020-இலிருந்து ஒவ்வொரு வருடமும் 10,000 கோடி டாலரைத் தாண்டிக்கொண்டிருந்தது, 2024-க்கு சுவிஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம் சொன்ன கணக்கு 13,700 கோடி டாலர். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீ, அதற்கு மட்டும் ஏறத்தாழ 4,000 கோடி. அந்தத் தீயில் எரிந்த வீடுகளுக்குள் ஓவியமும் ஒயினும் காமிக்ஸும் இருந்தன, ஒரே தெருவில் பத்து சேகரிப்பு ஒரே இரவில் போகலாம் என்பது, எதை என்ன விலைக்கு ஏற்பது என்று முடிவு செய்யும் அண்டர்ரைட்டர்களுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. முன்பெல்லாம் என்ன வைத்திருக்கிறீர்கள் என்றுதான் அதிகம் கேட்பார்கள். இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள், எந்த மாடியில், பக்கத்தில் ஆறா காடா என்பதையும் விடாமல் கேட்கிறார்கள். "சந்தை நிலவரம்" என்று உங்களுக்கு வந்த ஒற்றை வரிக்குள் இவ்வளவும் இருக்கிறது. இதை நான்கு வரியாக எழுதி அனுப்ப அவர்களுக்கு என்ன கஷ்டம் என்பது எனக்கும் புரியாத விஷயம்.

சரி, நம் கையில் இருப்பதற்கு வருவோம்.

உங்கள் பட்டியலின் தேதி 2021 கடைசி. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் எல்லாம் சேகரிப்பில் இறங்கி, விலைகள் கண்ணை மூடிக்கொண்டு ஏறிய சமயம் அது. விளையாட்டு வீரர்களின் படம் போட்ட அட்டைகளும் காமிக்ஸும் அந்த உச்சத்தில் நிறைய விற்றன, அப்புறம் 2022, 2023-இல் அவற்றில் பெரும்பகுதி இறங்கிவிட்டது, குறிப்பாக அண்மைக் கால வெளியீடுகள். மிக அரியவை மட்டும் மேலேயே போயின. 1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேண்டிலின் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்குப் போனது. இப்படி ஒரு செய்தி வந்தால் நம் பெட்டியில் இருப்பதும் ஏறிவிட்டது என்று மனசு சொல்லும். ஆனால் உச்சாணியில் இருப்பதுகூட ஏறிக்கொண்டே போகும் என்பதில்லை. பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் மெஜன்டா என்ற அஞ்சல்தலை, உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, 2014-இல் ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்கு விற்றது. 2021-இல் அதே அஞ்சல்தலை மறுபடி ஏலத்துக்கு வந்தபோது கிடைத்தது 83 லட்சம். ஒற்றை உருப்படிக்கே இந்தக் கதி என்றால், உங்கள் பட்டியலில் 214-இலிருந்து 390 வரை இருக்கிற காமிக்ஸ் வருடா வருடம் எட்டு சதவீதம் ஏறியிருக்கும் என்று நம்ப எனக்கு வழியில்லை. அதில் எட்டுப் பத்தை அண்மை ஏல முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், எல்லாமே 2021 மதிப்புக்குக் கீழே.

இதில் வேதனையான இடம் இதுதான். உங்கள் பாலிசியின் பெரும்பகுதி, சேதம் நடந்த நாளின் சந்தை மதிப்பைத் தரும் வகை. அதாவது பிரீமியம் கட்டுவது 2021 விலைக்கும் அதற்கு மேல் ஏறிய 26 சதவீதத்துக்கும். ஒருநாள் எல்லாம் போனால் கையில் வருவது அன்றைய விலை. அதிகம் எழுதி வைத்திருக்கிறோமே, அதிகம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். கிடைக்காது. அன்றைக்கு என்னைப் போல ஒருவர் வந்து ஏல முடிவுகளைப் புரட்டிப் பார்த்து எழுதும் தொகைதான் கிடைக்கும்.

ஒப்புக்கொண்ட மதிப்பு என்று இன்னொரு வகை உண்டு. இந்தப் பொருளுக்கு இவ்வளவு என்று இரு தரப்பும் முன்பே எழுதிக்கொண்டுவிடுவது, முழுதாகப் போனால் அந்தத் தொகை, பேரம் கிடையாது. உங்கள் பாலிசியில் முதல் ஆறு நாணயங்கள் மட்டும் இப்படி இருக்கின்றன. அது ஏன் ஆறோடு நின்றது என்று அவர்களைக் கேளுங்கள். என் ஊகம், அந்த ஆறுக்குத்தான் தரச் சான்று இருக்கிறது.

இப்போது உங்கள் யோசனை, தொகையைப் பாதியாக்குவது. தயவு செய்து அப்படியே மொத்தமாகப் பாதியாக்காதீர்கள். உங்கள் பாலிசியில் சராசரி விதி இருக்கிறது. உண்மையான மதிப்பு 100 இருக்கும்போது 60-க்கு மட்டும் காப்பீடு எடுத்திருந்தால், 30 மதிப்புள்ள ஆல்பங்கள் நனைந்து போனாலும் 30 தரமாட்டார்கள், அதில் 60 சதவீதம், 18 தருவார்கள். மிச்சம் 12-க்கு நீங்களே உங்களுக்குக் காப்பீட்டாளராக இருந்தீர்கள் என்பது அவர்கள் வாதம், சட்டப்படி சரியான வாதமும்கூட. நான் எழுதிய அறிக்கைகளிலேயே அதிகமாகத் திட்டு வாங்கியவை இந்த விதியால் குறைத்து எழுதியவைதான். "முப்பதுதானே போச்சு, அறுபதுக்குக் கட்டியிருக்கேனே" என்று ஒரு பெரியவர் கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தார், என்னால் அந்த விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் முடிந்தது.

அதனால் குறைக்க வேண்டிய விதம் வேறு. பட்டியலை மதிப்பு வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். 1,400 உருப்படிகளில் 31 மட்டும் மொத்த மதிப்பில் 80 சதவீதம். மீதி 1,369-உம் சேர்ந்து 20 சதவீதம். சேகரிப்பாளர்களின் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், மனசுக்குத்தான் எல்லாம் ஒன்றுபோலப் படும். அந்த 31-ஐயும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, ஒப்புக்கொண்ட மதிப்பில், இன்றைய விலையில் பாலிசிக்குள் வையுங்கள். மீதிக்கு இரண்டு வழி. ஒன்று, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மொத்தத் தொகை, ஒரு உருப்படிக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்ற வரம்போடு. இன்னொன்று, அவற்றைப் பாலிசியிலிருந்து முழுதாகவே வெளியே எடுத்துவிடுவது. பாலிசியில் இல்லாத பொருளுக்குச் சராசரி விதியும் கிடையாது, அதனால் இது நேர்மையான குறைப்பு. எது வெளியே இருக்கிறது என்பது மட்டும் எழுத்தில் தெளிவாக இருக்கட்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் டைகாஸ்ட் கார்கள் அத்தனையையும் வெளியே எடுப்பேன். ஒரு கார் கீழே விழுந்து சக்கரம் போனால் கிளெய்ம் கேட்பீர்களா? நீங்களே ஏற்க வேண்டிய எக்ஸஸ் தொகைக்குள்தான் அது இருக்கும், கேட்டால் கிளெய்ம் வரலாற்றில் ஒரு கோடு விழும், அடுத்த புதுப்பித்தலில் அந்தக் கோட்டுக்கும் விலை போடுவார்கள். கிளெய்மே கேட்கப்போகாத பொருளுக்கு எதற்குப் பிரீமியம்? எக்ஸஸும் அப்படித்தான். நீங்கள் இப்போது வைத்திருப்பது மிகக் குறைந்தபட்சம். அதை உயர்த்தினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று இரண்டு மூன்று அளவுக்குக் கொட்டேஷன் கேளுங்கள். திடீரென்று போனாலும் வீட்டுச் செலவைத் தொடாத தொகை எதுவோ, அதுவரை எக்ஸஸை உயர்த்தலாம்.

மதிப்புப் போடுவதில் ஒரு எச்சரிக்கை. உங்களுக்கு 2021-இல் மதிப்புப் போட்டவர் அஞ்சல்தலைகளுக்குக் கேட்டலாக் விலையை அப்படியே எழுதியிருக்கிறார். கேட்டலாக் விலை என்பது நல்ல நிலையில் உள்ள ஒன்றை வியாபாரியிடம் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கான அடையாளம், சாதாரண அஞ்சல்தலைகள் நிஜத்தில் கைமாறுவது அதில் ஒரு சிறு பங்குக்கு. இணையத்தில் விற்பவர் கேட்கும் விலையும் சாட்சி ஆகாது, நான் என் பழைய ஸ்கூட்டருக்கு ஒரு கோடி கேட்கலாம், கேட்பதற்கென்ன. விற்று முடிந்த விலைதான் பேசும், அதுவும் ஏலத்தில் சுத்தியல் விழுந்த தொகையா, வாங்குபவர் கமிஷனும் சேர்ந்ததா என்று பார்த்து எழுத வேண்டும். போனதை மறுபடி வாங்க உங்களுக்கு ஆகும் செலவில் கமிஷனும் சேர்த்தி, அதனால் அந்த முழுத் தொகையை எழுதுவதே நியாயம்.

தரச் சான்று எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை. நாணயங்களுக்கு 1 முதல் 70 வரை தரம் போடும் முறைக்கு 1949-இல் வந்த ஷெல்டன் அளவுகோல்தான் அடிப்படை, அதன் மேல் முனையில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் விலை இரண்டு மடங்கு மாறுவது உண்டு. அப்படி மாறக்கூடிய பொருள் உங்கள் 31-இல் ஏழெட்டுதான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் செலவு செய்யுங்கள், அனுப்பும் வழியில் பாலிசி செல்லுபடியாகுமா என்று கேட்டுக்கொண்டு. ஏனென்றால் பொருள் வீட்டை விட்டு வெளியே போகும்போதுதான் பல பாலிசிகள் கையை விரிக்கும்.

வெளியே போவது என்றதும் எனக்கு நினைவு வருவது தலைகீழ் ஜென்னி. 1918-இல் அமெரிக்காவில் விமானப் படம் தலைகீழாக அச்சான 24 சென்ட் அஞ்சல்தலை, ஒரே தாள், 100 பிரதி. அதில் நான்கு சேர்ந்த ஒரு துண்டை எதெல் மெக்காய் என்ற அம்மையார் வைத்திருந்தார். 1955-இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் அஞ்சல்தலை மாநாட்டுக் கண்காட்சியில் வைத்திருந்தபோது யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். நான்கையும் பிரித்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருந்தார்கள், அதில் ஒன்று 2016-இல்தான் வெளியே வந்தது, 61 வருடம் கழித்து. கண்காட்சிக்குக் கொடுக்கும் முன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கிளெய்ம் பணம் வாங்கிய பிறகு பொருள் கிடைத்தால் அது யாருடையது தெரியுமா? பொதுவாகக் காப்பீட்டு நிறுவனத்தினுடையது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பொருளை வாங்கிக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்று ஒரு விதியைச் சேர்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். உங்கள் பாலிசியில் அது இல்லை.

எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு வருகிறேன், விகிதத்தைக் கொஞ்சமாவது அசைக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். நீங்கள் "தீப்பிடிக்காத பெட்டி" வாங்கி அதில் ஆல்பங்களை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெட்டியின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். காகிதத்துக்கான தீப்பெட்டகம் என்றால், சான்றில் சொன்ன நேரம்வரை உள்ளே 350 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 177 செல்சியஸைத் தாண்டாது என்றுதான் அர்த்தம். அந்தச் சூட்டில் பத்திரம் பிழைக்கும். ஆனால் பெட்டி எப்படி அந்தச் சூட்டைத் தடுக்கிறது? சுவருக்குள் அடைத்திருக்கும் பொருளில் உள்ள நீர் ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது, அந்த ஆவியில் ஒரு பங்கு உள்ளேயும் வரும். ஒரு தீ விபத்துக்குப் பிறகு இப்படி ஒரு பெட்டியைத் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு தாள்கூடக் கருகவில்லை, வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறகு ஆல்பத்தைப் பிரிக்கப் பார்த்தார், பசையோடு இருந்த புது அஞ்சல்தலைகள் எல்லாம் பக்கத்தோடு பக்கமாக ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. பிலிம், டிஸ்க் போன்றவற்றுக்கென்று வேறு வகை உண்டு, உள்ளே 125 ஃபாரன்ஹீட்டுக்கு, சுமார் 52 செல்சியஸுக்கு மேல் போகாது, ஈரப்பதத்துக்கும் வரம்பு இருக்கும். விலை அதிகம், எடை அதிகம், இடம் குறைவு. உங்கள் 31-இல் காகிதம் என்று இருப்பது 19, அவற்றுக்கு மட்டும் சின்னதாக ஒன்று போதும். இன்னொன்று, தீயைத் தாங்குவது திருடனையும் தாங்கும் என்று நினைக்காதீர்கள், தீப்பெட்டகத்தின் வெளித்தகடு பல நேரம் ஒரு கடப்பாரைக்குக் காணாது. தரையோடு போல்ட் போட்டு இறுக்கி, அதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

இவ்வளவு தீயைப் பற்றிப் பேசினாலும், நான் போய்ப் பார்த்த சேகரிப்புச் சேதங்களில் அதிகம் தண்ணீர்தான். மாடிக் குழாய் உடைந்தது, வாஷிங் மெஷின் குழாய் கழன்றது, கூரை ஒழுகியது. உங்கள் வீட்டுப் படத்தில் காமிக்ஸ் பெட்டிகள் தரையில் நேராக உட்கார்ந்திருக்கின்றன, அதுவும் குளியலறைச் சுவரை ஒட்டி. இன்றைக்கே ஒரு சாண் உயரத்தில் பலகை போட்டு ஏற்றுங்கள், முடிந்தால் அறையையே மாற்றுங்கள். தண்ணீர்க் கசிவை உணர்ந்து கத்தும் சின்னக் கருவி ஒன்றையும் வைத்து, அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

வங்கிப் பெட்டகத்தில் வைத்தால் விகிதம் நன்றாகக் குறையும், நாணயங்களுக்கு அது பொருந்தும். பெட்டகத்துக்குள் இருப்பதற்கு வங்கியே காப்பீடு தந்துவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம், உங்கள் பாலிசியில் அந்த முகவரியும் ஏற வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்க்கும் பொருளை அங்கே பூட்டி வைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது, பார்க்க முடியாத சேகரிப்பு எதற்கு.

எவ்வளவு பிரீமியம் கட்டினாலும் கிடைக்காதவை சில இருக்கின்றன, அவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மெதுவாகக் கெடுவது எதற்கும் பணம் வராது. வெயிலில் வெளுத்தது, ஈரத்தில் பழுப்பேறியது, கரையான், ராமபாணப் பூச்சி, எலி எல்லாம் உங்கள் கணக்கு. பிவிசி உறையில் வருடக்கணக்கில் கிடந்த நாணயத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும், அதுவும் உங்கள் கணக்கு, அதைத் தேய்த்துக் கழுவி மதிப்பைக் கெடுத்துக்கொண்டால் அதுவும்தான். பட்டியல் எண் 47 முதல் 60 வரை மெல்லிய வழவழப்பான பழைய உறைகளில் இருப்பதாகப் படத்தில் தெரிகிறது, பாலியெஸ்டர் உறைக்கு மாற்றுங்கள், அந்தச் செலவு ஒரு வருடப் பிரீமியத்தில் ஒரு துளி. "எப்படிப் போனதென்றே தெரியவில்லை, இருந்தது, இப்போது இல்லை" என்பதையும் பல பாலிசிகள் ஏற்காது. அப்புறம் தொகுதிகள். உங்களிடம் பன்னிரண்டு நாணயம் கொண்ட ஒரு முழு வரிசை இருக்கிறது, அதில் ஒன்று போனால் ஒன்றின் விலை தருவார்களா, முழு வரிசையின் மதிப்பு விழுந்ததற்குத் தருவார்களா? உங்கள் பாலிசிப்படி ஒன்றின் விலைதான். இதையும் பேச வேண்டியவற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில், இரட்டையாக இருப்பதை அவ்வப்போது இணையத்தில் விற்பதாக எழுதியிருக்கிறீர்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். மாதா மாதம் என்றால் அது வியாபாரச் சரக்கு, தனிநபர் சேகரிப்புப் பாலிசியில் அதற்குக் காப்பீடு கிடையாது, அதைவிட மோசம், சொல்லாமல் மறைத்தீர்கள் என்று மற்ற கிளெய்மையும் இழுத்தடிக்கக் காரணமாகும். எழுத்தில் சொல்லிவிடுங்கள். விற்பனைக்கு எடுக்கும் படத்தில் பின்னால் மொத்த அலமாரியும் ஜன்னலும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நான் உங்கள் பக்கத்தைப் பார்த்தேன், தெரிகிறது.

எட்டு வாரத்தை இப்படிச் செலவழிக்கலாம். முதல் இரண்டு வாரத்தில் அந்த 31-க்கு முன்னும் பின்னும் படம், சான்று எண், வாங்கிய ரசீது, அண்மையில் விற்ற விலைக்கு மூன்று சாட்சி. எதையும் உறையிலிருந்து வெளியே எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம். மூன்றாவது வாரம் நிறுவனத்துக்கு எழுத்தில் ஒரு கடிதம்: தானியங்கி 8 சதவீதத்தை நீக்குங்கள், புதுப் பட்டியல் இது, 31-க்கும் ஒப்புக்கொண்ட மதிப்பு வேண்டும், எக்ஸஸை உயர்த்தினால் என்ன விகிதம், பாதுகாப்பில் இன்னின்ன செய்திருக்கிறேன், இதுவரை கிளெய்ம் இல்லை. போனில் பேசினாலும் பேசியதை மின்னஞ்சலில் திருப்பி அனுப்புங்கள். அதே காகிதங்களை சேகரிப்புக் காப்பீட்டில் பழகிய ஒரு தரகரிடமும் கொடுத்து வேறு இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். ஒப்பிடும்போது பிரீமியத்தை மட்டும் பார்த்துவிடாதீர்கள், மலிவானதில் வெள்ளமோ பயணமோ விடுபட்டிருக்கும். புதியது எழுத்தில் தொடங்கும் நாள்வரை பழையதை நிறுத்தவும் வேண்டாம்.

விகிதம் ஏறிய 35-இல் பெரிதாக எதுவும் திரும்பி வராது, சொல்லிவிடுகிறேன். ஆனால் தொகை ஊதிய 26-உம் 2021 உச்ச விலையும் போய், கார்களும் உதிரிகளும் வெளியே வந்துவிட்டால் உங்கள் பிரீமியம் முதல் வருடத்தில் கட்டியதற்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்று நினைக்கிறேன். முழுதாக விடுவதற்கு நான் சம்மதம் சொல்லமாட்டேன், அந்த 31 போனால் மறுபடி சேர்க்க இன்னொரு இருபத்திரண்டு வருடச் சேமிப்பு வேண்டும்.

படங்களும் பட்டியலும் தயாரானதும் ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள், வீட்டோடு பட்டியலும் எரிந்த கேஸை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு பிரதியை மனைவியிடம் கொடுத்து, எந்த ஆல்பத்தில் எது இருக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து காட்டிவிடுங்கள். மிச்சமாகும் பிரீமியத்தில் எந்த ஸ்டாம்ப் வாங்கலாம் என்பதை அவரே சொல்லட்டும், வாங்கியதும் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புதிதாக வாங்கியதைச் சொல்ல உங்கள் பாலிசியில் 30 நாள்தான் அவகாசம்.